காற்று எழும் முன் எழுந்துவிடுங்கள்: ஹூட் ரிவரில் ஒரு கோடை நாள்

கேள்வி: அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஹில்ஸ்பரோவில் இருக்கிறோம். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கொலம்பியா ஆற்றங்கரை ஊரான ஹூட் ரிவர் போயிருந்தோம். மதியம் ஒரு மணிக்குப் பேடில்போர்டு (நின்றபடி துடுப்புப் போடும் பலகை) வாடகைக்கு எடுத்தோம். இறங்கிய பத்தாவது நிமிடம் கணவரும் மகளும் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். எவ்வளவு துடுப்புப் போட்டும் திரும்ப முடியவில்லை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் ஜெட் ஸ்கீயில் போய் இழுத்து வந்தார். கரையில் எங்கள் குடையையும் காணோம். இந்த வருடம் மாமனார், மாமியாரும் ஊரிலிருந்து வருகிறார்கள். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. கணவருக்கு விண்ட்சர்ஃபிங் (பாய்மரம் கட்டிய பலகையில் காற்றால் ஓடுவது) கற்றுக்கொள்ள ஆசை. எப்போது போவது, யார் என்ன செய்யலாம்?

பதில்: இந்த ஆற்றங்கரையில் பல கோடைகளாகப் புதியவர்களுக்குப் பாய் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஜெட் ஸ்கீ கதையை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். ஆகவே உங்கள் கணவர் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் போன இடம் சரி, போன நேரம்தான் தப்பு. ஜூலை மாத மதியம் ஒரு மணி என்பது விண்ட்சர்ஃபிங்காரர்கள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து சேரும் நேரம்.

காற்று ஏன் அந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி. கோடையில் பசிபிக் கடல்மேல் காற்று குளிர்ந்து கனமாக உட்கார்ந்திருக்கும். கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கும் வறண்ட நிலமோ வெயில் ஏற ஏறக் கொதிக்கும். அங்கே காற்று லேசாகி மேலே போகும். அந்த வெற்றிடத்துக்கு மேற்கிலிருந்து காற்று ஓடி வர வேண்டும், ஆனால் நடுவில் மலை. கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே அந்த மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் ஒரே வழி கொலம்பியா ஆறு வெட்டிய பள்ளத்தாக்குதான். இங்கே எல்லோரும் கார்ஜ் என்கிறார்கள். சுமார் 80 மைல் நீளம், சில இடங்களில் 4,000 அடி ஆழம். அத்தனை காற்றும் அந்தச் சந்துக்குள் நுழைகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் காற்று அடிப்பதைப் பார்த்திருந்தால் உங்கள் மாமனாருக்கு இதை விளக்கவே வேண்டாம். பழந்தமிழில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கோடை என்றே பெயர். ஹூட் ரிவருக்காகவே வைத்த பெயர் போல எனக்குத் தோன்றும்.

இதில் இன்னொரு வேடிக்கை, ஆறு மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது, காற்று கிழக்கே தள்ளுகிறது. இரண்டும் எதிரெதிரே மோதுவதால் அலை எழும்பி நிற்கும். பாய் கட்டியவர்களுக்கு இது சொர்க்கம்: காற்று தள்ளிக்கொண்டு போன தூரத்தில் கொஞ்சத்தை நீரோட்டமே திருப்பிக் கொடுத்துவிடும். பேடில்போர்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பலகையின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஆள், காற்றின் கண்ணுக்கு ஒரு பாய். காற்றின் வேகம் மணிக்கு 10 மைலிலிருந்து 20 ஆனால் அது தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. கோடை மதியத்தில் இங்கே 20-க்கு மேல் என்பது சாதாரணம்.

மறுபடி அப்படி மாட்டினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் முழங்காலில் உட்காருங்கள். முடியாவிட்டால் பலகையில் குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு, கையால் தண்ணீரைத் தள்ளுங்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். காற்றுக்குக் குறுக்கே, எது அருகில் இருக்கிறதோ அந்தக் கரையைப் பார்த்துப் போங்கள். எங்கே ஒதுங்கினாலும் நடந்து வரலாம். எது நடந்தாலும் பலகையை விட்டு நீந்தக் கூடாது. பலகை உங்களைவிட வேகமாகப் போய்விடும்.

சரி, எந்த நாள் போவது? பருவநிலை ஆப்களைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஜன்னலையே பாருங்கள். காலையில் ஹில்ஸ்பரோவில் மேகம் மூடிக் குளிர்ச்சியாக இருந்து, கிழக்கே தி டாலஸ் ஊர்ப் பக்கம் நல்ல வெயில் என்றால், கடல்காற்று உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். ஹூட் ரிவரில் அன்று காற்று பிய்த்து எடுக்கும். போர்ட்லாந்தே 38 டிகிரியில் வேகிறது என்றால் நேர்மாறு. இரண்டு பக்கமும் ஒரே சூடு ஆகிவிட்டதால் காற்றை இழுக்க ஆளில்லை; ஆறு கண்ணாடி மாதிரி கிடக்கும். முதல் வகை நாள் வேடிக்கை பார்க்க, இரண்டாம் வகை நாள் துடுப்புப் போட. மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வீட்டில் மேகமாக இருந்தால் 'இன்றைக்குச் சாந்தமாக இருக்கும்' என்று நினைத்துப் பேடில்போர்டைக் காரில் கட்டுகிறார்கள்.

எப்படிப்பட்ட நாளானாலும் பேடில்போர்டும் கயாக்கும் காலை வேலை. எட்டரைக்குள் தண்ணீரில் இருங்கள், பதினொன்றுக்குக் கரையேறிவிடுங்கள். அதற்கு வீட்டை விட்டு ஆறரைக்காவது கிளம்ப வேண்டும். குழந்தைகள் முனகுவார்கள், முனகட்டும். சீக்கிரம் போனால் பார்க்கிங்கும் கிடைக்கும். கோடையில் ஆற்றங்கரையில் பார்க்கிங்குக்குக் காசு உண்டு. இறங்க நிக்கல்ஸ் பேசின் நல்ல இடம். பெரிய ஆற்றிலிருந்து ஒதுங்கிய குடா அது, மற்ற இடங்களைவிட நீர் அமைதியாக இருக்கும். அங்கிருந்து எட்டிப் பார்க்கும்போது பெரிய ஆற்றில் வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் அன்றைய துடுப்பு முடிந்தது. பக்கத்தில் எத்தனை பேர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

ஆரிகன் சட்டப்படி 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், பேடில்போர்டும் படகுக் கணக்குதான். மகளுக்கு 13 என்பதால் சட்டம் அவளை விட்டுவிடுகிறது. நீங்கள் விடாதீர்கள்.

ஹூட் ஆறு கொலம்பியாவில் கலக்கும் இடத்தில் ஒரு பெரிய மணல்திட்டு இருக்கிறது. 2006 நவம்பரில் மவுண்ட் ஹூட் மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மண்ணால் பெருத்தது. பார்க்கக் கடற்கரை மாதிரி இருப்பதால் பிள்ளைகள் அங்கே ஓடப் பார்ப்பார்கள். இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்பேன். திட்டின் ஓரத்தில் முழங்கால் ஆழம் சட்டென்று ஆளாழம் ஆகிவிடும், ஹூட் ஆற்றுத் தண்ணீர் பனிப்பாறை உருகி வருவதால் கை கால் விறைக்கும். இரண்டாவது, பட்டத்தின் இழுவையில் பலகையில் சறுக்கும் கைட்போர்டிங்காரர்கள் பட்டம் ஏற்றும் இடம் அதுதான். ஒவ்வொரு பட்டத்துக்கும் இருபது மீட்டருக்கு மேல் கயிறு. இழுவையில் விறைத்திருக்கும் கயிறு கத்திக்குச் சமம். தள்ளி நின்று பாருங்கள், அற்புதமாக இருக்கும்.

அப்புறம் உங்கள் கணவர். விண்ட்சர்ஃபிங் தாராளமாகக் கற்கலாம், ஆனால் கற்கும் இடம் ஹூக். ஊருக்கு மேற்கோரத்தில் கொக்கி போல வளைந்து ஆற்றுக்குள் நீளும் கரை அது. உள்பக்கம் அலை குறைவு, பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்தான். விழுந்தால் எழுந்து நிற்கலாம், காற்று தள்ளினாலும் கரையில்தான் கொண்டுபோய் ஒதுக்கும். கல் குத்தும், செருப்பு போதாது, இறுக்கமான ஷூ வேண்டும். காலை முதல் வகுப்பில் சேருங்கள். காற்று எட்டு, பத்து மைல் இருக்கும்போது, அகலமான பலகை, சின்னப் பாய்.

முதல் ஒரு மணி நேரம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், மனம் தளராமல் இருக்க. காற்றுக்கு முதுகைக் காட்டிப் பலகை நடுவில் ஏறி நிற்பார். தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுப்பார். பாய்மேல் தண்ணீர் இருப்பதால் மாட்டை இழுப்பது போலக் கனக்கும். ஆண்கள் எல்லோரும் இங்கே தோள்பலத்தைக் காட்டுவார்கள். தண்ணீர் வழிந்த நொடியில் பாய் திடீரென்று லேசாகி மேலே வரும், அவர் பின்பக்கமாக விழுவார். இருபது தடவை. இடுப்பை மடக்காமல், முழங்காலை லேசாக மடித்து, உடம்பு எடையால் இழுத்தால் பாய் தானாக வரும் என்பது இருபத்தோராவது தடவை புரியும். மகளையும் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் பலத்தைக் காட்ட முயற்சி செய்வதில்லை, அதனால் அப்பாவுக்கு முன்னால் அவள் ஓட்டிவிடுவாள்.

இரண்டு, மூன்று வகுப்புகள் முடியும்வரை ஹூக்கை விட்டு வெளியே வர வேண்டாம். ஈவென்ட் சைட், எதிர்க்கரை ஹேட்சரி என்று பாய்க்காரர்கள் இறங்கும் மற்ற இடங்கள் எல்லாம் பார்க்கப் பக்கத்தில்தான் இருக்கும். ஹேட்சரி தேர்ந்தவர்களுக்கான இடம். அதோடு நடு ஆற்றில் கோதுமை ஏற்றிய பார்ஜ்கள், அதாவது பெரிய சரக்குப் படகுகள், போகும். அவற்றால் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. வழி விட வேண்டியது நாம்தான். கைட்போர்டிங் ஆசை வந்தால் அதற்குத் தனியாகப் பல நாள் பயிற்சி வேண்டும். பழைய செட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்து வீடியோ பார்த்துப் பழகுவது தற்கொலைக்குச் சமம் என்றே சொல்வேன். விங் ஃபாயிலிங் (கையில் இறக்கை போன்ற பாய், பலகைக்கு அடியில் அதை நீருக்கு மேலே தூக்கும் ஃபாயில் என்ற சிறகு) அதைவிட எளிது போலத் தெரியும். அதையும் முதலில் ஃபாயில் இல்லாத பெரிய பலகையில்தான் தொடங்க வேண்டும்.

தண்ணீர் ஜூனில் 15 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், ஆகஸ்டில் இருபதைத் தொடும். வெயிலைப் பார்த்து ஏமாறாமல் ஜூனில் குளிர் தாங்கும் முழு வெட்சூட் உடை, ஆகஸ்டில் அரைக்கை, அரைக்கால் போதும். சன்ஸ்கிரீன் காற்றுள்ள நாளில்தான் அதிகம் தேவை, குளிர்காற்றில் தோல் கருகுவது தெரியாது.

மாமனார், மாமியாருக்கு மதியம். நீங்கள் கரையேறிச் சாப்பிட்ட பிறகு ஆற்றங்கரைப் பூங்காவின் புல்வெளியில் உட்கார்ந்தால் எதிரே நூறு வண்ணப் பாய்கள் பறக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், 'ஜூலையிலயா?' என்று கேட்பார்கள், மூன்று மணிக்குத் தேடுவார்கள். உணவை மூடி போட்ட டப்பாக்களில் கொண்டு வாருங்கள், பேப்பர் தட்டு வேண்டாம். குடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நடக்கக் கூடியவர்கள் என்றால் ஹூட் ரிவரிலிருந்து கிழக்கே மோசியர் என்ற ஊர்வரை போகும் மோசியர் இரட்டைச் சுரங்கப் பாதைக்கு அழைத்துப் போங்கள். 1920-களின் தொடக்கத்தில் மலையைக் குடைந்து போட்ட பழைய நெடுஞ்சாலை. பிறகு கல்லைக் கொட்டி மூடிவிட்டார்கள். 2000-இல் திரும்பத் திறந்தது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். கார் கிடையாது, தார்ப்பாதை, மோசியர் முனையிலிருந்து சுரங்கம் ஒரு மைலுக்குள். உள்ளே சுவரில், 1921 நவம்பரில் பனியில் சிக்கிக்கொண்ட பயணிகள் செதுக்கிவைத்த எழுத்தை மாமனாருக்குக் காட்டுங்கள். பிள்ளைகள் சைக்கிளில் வருவதானாலும் மோசியரிலேயே தொடங்குங்கள். போகும்போது எதிர்காற்றில் மிதித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஹூட் ரிவர் முனையில் தொடங்குபவர்கள் போகும்போது தங்களைப் பெரிய வீரர்களாக நினைத்துக்கொள்வார்கள். திரும்பும்போது பார்க்க வேண்டும்! பாதையோரச் செடிகளைத் தொட வேண்டாம், பாய்சன் ஓக் உண்டு. மூன்று மூன்று இலையாக இருக்கும், பட்டால் நாள்கணக்கில் அரிக்கும்.

நடக்க முடியாது என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பழத்தோட்டங்கள் பக்கம் போய்விடலாம். ஃப்ரூட் லூப் என்று 35 மைல் வட்டப்பாதை, கண்ணுக்கு நேரே பனி மூடிய மவுண்ட் ஹூட். ஜூலையில் செர்ரி, ஆகஸ்டு கடைசியில் பேரிக்காய். ஆகஸ்டு, செப்டம்பரில் வருவதாக இருந்தால் மட்டும் காட்டுத்தீப் புகை இருக்கிறதா என்று முதல்நாள் பார்த்துவிடுங்கள். 2017-இல் ஒரு சிறுவன் கொளுத்திப் போட்ட பட்டாசில் இந்தப் பள்ளத்தாக்கில் 48,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது.

வழியில் வியென்டோ என்ற பூங்காவின் பலகையைப் பார்ப்பீர்கள். ஸ்பானிஷில் காற்று என்று பொருள் என்பதால் காரணப்பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வில்லார்டு, என்டிகாட், டோல்மன் என்ற மூன்று ரயில்பாதைப் புள்ளிகளின் பெயரில் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். மகனிடம் பந்தயம் கட்டலாம்.

திரும்பும்போது ஐ-84 நெடுஞ்சாலை நேர் மேற்கே போகிறது. ஜூலையில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். ஏழு மணிக்குக் கிளம்பினால் வழிநெடுக முகத்திலேயே அடிக்கும். ஒன்று ஐந்துக்குள் கிளம்புங்கள், இல்லையென்றால் இருந்து சாப்பிட்டுவிட்டு இருட்டிய பிறகு வாருங்கள். கூரையில் பலகை கட்டியிருந்தால் பட்டையை முறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், எதிர்காற்றில் தட்டையான பட்டை போர்ட்லாந்து வரை ஊளையிடும்.