பிளாஸ்ட் சொன்னால் போதுமா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

ஸ்மித்-வாட்டர்மன்தான் துல்லியம் என்று படித்தோம். லேபில் எல்லோரும் பிளாஸ்ட்தான் ஓட்டுகிறார்கள். ஏன்? (எம்.எஸ்சி. மாணவி, எலகங்கா)

நீங்கள் படித்தது சரிதான். இரண்டுமே டி.என்.ஏ. அல்லது புரதத்தின் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டு, பொருந்தும் பகுதிகளைத் தேடும் முறைகள். 1981-இல் வந்த ஸ்மித்-வாட்டர்மன், நாம் கொடுக்கும் ஸ்கோர் விதிகளுக்கு மிகச் சிறந்த பொருத்தத்தைத் தவறாமல் பிடித்துவிடும். சிக்கல் நேரம்தான். 1,000 எழுத்து வரிசையை 100 கோடி எழுத்துள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிட, ஒவ்வொரு எழுத்து ஜோடிக்கும் ஒன்றாக, அட்டவணையில் லட்சம் கோடி கட்டங்களை நிரப்ப வேண்டும். 1990-இல் வந்த பிளாஸ்ட், சிறு துண்டு அப்படியே (புரதத்தில் ஏறக்குறைய அப்படியே) பொருந்தும் இடங்களை முதலில் பிடித்து, அங்கிருந்து மட்டும் இருபக்கமும் நீட்டிப் பார்க்கிறது. வேகம் அதனால்தான். தூரத்து உறவுகள் சில நழுவிப்போவதும் அதனால்தான். ஒப்பிட வேண்டியது பத்துப் பதினைந்து வரிசைதான் என்றால் ஸ்மித்-வாட்டர்மனையே ஓட்டுங்கள், சாதாரண லேப்டாப் போதும்.

மெகாபிளாஸ்டில் எதுவுமே கிடைக்கவில்லை. இது புது ஜீனா? (ஐ.டி.யிலிருந்து இத்துறைக்கு வந்தவர், எலெக்ட்ரானிக் சிட்டி)

அவசரப்படாதீர்கள். பிளாஸ்டின் வேக வடிவமான மெகாபிளாஸ்ட், வழக்கமான அமைப்பில் 28 எழுத்துகள் தொடர்ச்சியாகப் பொருந்தினால்தான் திரும்பிப் பார்க்கும். நெருங்கிய இனங்களுக்கு அது சரி. முதலில் டி.என்.ஏ.வுக்கான இன்னொரு வடிவமான பிளாஸ்ட்-என்னுக்கு மாறுங்கள், அதற்கு 11 எழுத்து போதும். அப்புறம், அது புரதத்துக்கான பகுதியாக இருக்கலாம் என்றால் பிளாஸ்ட்-எக்ஸ் கட்டாயம் பாருங்கள். அது உங்கள் வரிசையை ஆறு சட்டகங்களிலும் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் ஆறு வழிகளிலும்) புரதமாக மாற்றித் தேடும். லியூசின் என்ற ஒரு அமினோ அமிலத்துக்கே 6 கோடான்கள் (அதைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகள்) இருக்கின்றன. டி.என்.ஏ. எழுத்து மாறியும் புரதம் மாறாமல் இருப்பது சாதாரணம். இந்தத் தேடல்களை முடிக்காமல் ‘புது ஜீன்’ என்று ஆய்வேட்டில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

நீடில்மன்-வுன்ஷ் பழசாகிவிட்டதா? (கல்லூரி ஆசிரியர், அல்சூர்)

இல்லை. 1970-இல் வந்த அது, இரு வரிசைகளை முழு நீளத்துக்கும் பொருத்திப் பார்க்க. தரவுத்தளத்தில் தேடுவது அதன் வேலையல்ல.

100% ஒற்றுமை, ஆனால் ஈ-மதிப்பு 2. எதை நம்புவது? (ஆராய்ச்சி மாணவர், மல்லேஸ்வரம்)

ஈ-மதிப்பை. அந்த 100% எத்தனை எழுத்துக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் இருபதுக்குள்தான் இருக்கும். இவ்வளவு பெரிய தரவுத்தளத்தில் இந்த ஸ்கோரோ அதற்கு மேலோ பெறும் பொருத்தங்கள் தற்செயலாகவே இரண்டு வரும் என்பதுதான் அந்த 2-க்குப் பொருள். தரவுத்தளம் இருமடங்கானால் அதே பொருத்தத்தின் ஈ-மதிப்பும் ஏறக்குறைய இருமடங்காகும். ஆகவே வெவ்வேறு தரவுத்தளங்களில் கிடைத்தவற்றை ஒப்பிட, தரவுத்தளத்தின் அளவைச் சாராத பிட் ஸ்கோரை எடுங்கள். உங்கள் வரிசையில் எவ்வளவு பகுதி பொருந்தியது என்ற கவரேஜையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.