முதிய பூனைக்கு என்ன செய்வது? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கோடை தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பகுதி வயதான பூனைகளைப் பற்றியவை. சென்னை வெயிலில் உடலின் நீர்ச்சத்து விரைவாகக் குறைவதால், மாதக்கணக்கில் வெளியே தெரியாமலிருந்த சிறுநீரகக் கோளாறு ஒரே வாரத்தில் தலைகாட்டிவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். நேரில் பார்க்காத பூனைக்கு மருந்தின் அளவை எழுதித் தருவது முறையாகாது என்பதால், அளவுகளை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

எங்கள் பூனைக்கு 16 வயது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) 4.8 என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றச் சொல்கிறார். இன்னொருவர், "வயதாகிவிட்டது, இனிமேல் சிரமப்படுத்தாதீர்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (பெரம்பூர்)

அந்த ரத்தம் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்த பூனையிடம் எடுத்த ரத்தத்தில், சிறுநீரகத்தின் உண்மையான நிலையைவிடக் கிரியாட்டினின் உயர்ந்தே காட்டும். நீர்ச்சத்தை ஈடுகட்டிச் சில நாள் கழித்து மீண்டும் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. விலங்குகளின் சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்க மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் வகைப்பாட்டில், கிரியாட்டினின் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. மூன்றாம் நிலையில் தக்க கவனிப்போடு ஓராண்டு, ஈராண்டு நன்றாக வாழ்ந்த பூனைகள் உண்டு. நான்காம் நிலையில் பெரும்பாலும் மாதக் கணக்குதான், சிலவற்றுக்கு வாரக் கணக்கு.

சலைன் ஏற்றுவதைச் சித்திரவதையாக நினைக்க வேண்டாம். தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசியைச் செலுத்தி, ரிங்கர் லாக்டேட் திரவத்தை இறங்க விடுவதுதான் முறை. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு வேளைக்குப் பொதுவாக 100 முதல் 150 மில்லிலிட்டர் வரை ஏற்றுவார்கள். தோலுக்கடியில் உண்டாகும் வீக்கம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பையை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்திருந்து ஏற்றினால் பூனை துள்ளாது. ஆனால் இதய நோய் உள்ள பூனைக்கு இதே திரவம் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் என்பதால், இதயத்தைப் பரிசோதிக்காமல் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதடைந்த பூனைகளில் அது உயர்ந்து, விழித்திரை பிரிந்து, ஒரே நாளில் பார்வை போய்விடுவதுண்டு. மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடியதை விட்டுவிடுவது வீண் இழப்பு.

எனவே என் யோசனை இதுதான். இரண்டு மூன்று வாரம் சலைன், வாந்தியை நிறுத்தும் மருந்து, பசியைத் தூண்டும் மருந்து, பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு ஆகியவற்றை முறையாகக் கொடுத்துப் பாருங்கள். தொடங்கும் முன்பே, எவை மேம்பட்டால் தொடர்வது, எவை மேம்படாவிட்டால் நிறுத்துவது என்று வீட்டில் அனைவரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எடை, சாப்பிடும் அளவு, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா, வழக்கமான ஜன்னலுக்கு ஏறுகிறதா என்பவை போதும். சிகிச்சையின் நடுவே, பூனையின் முகத்தைப் பார்த்தபடி எல்லை வகுக்க எவராலும் முடிவதில்லை. சிறுநீரக உணவை அது தொடவே மறுத்தால், பட்டினி போட்டுப் பணியவைக்க முயலாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால், அதிலும் சற்றுப் பருமனான பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து இன்னொரு நோய் தொடங்கிவிடும். வேகவைத்த கோழியையோ மீனையோ அது உண்ணுமானால் அதுவே மேல். கருவாடு மட்டும் வேண்டாம். அதன் உப்பு இந்த உடலுக்குப் பெரும் சுமை.

பூனை முன்பைவிட அதிகமாகவே சாப்பிடுகிறது, ஆனால் எலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்துவிட்டது. வயதுக்கோளாறு என்று விட்டுவிடலாமா? (கொளத்தூர்)

விட்டுவிடக் கூடாது. நன்றாகத் தின்றும் மெலிகிற முதிய பூனைக்குத் தைராய்டு மிகைச் சுரப்போ நீரிழிவோ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டுமே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், இரண்டுக்கும் மருந்து உண்டு. இந்தப் பக்கத்தில் இடம்பெறும் பூனைகளில் நம்பிக்கையோடு பதில் எழுத முடிவது உங்கள் பூனைக்குத்தான்.

எங்கள் பூனை கத்துவதில்லை, முனகுவதில்லை. பீரோவுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. தடவிக் கொடுத்தால் குறுகுறுவென்று ஒலியெழுப்பவும் செய்கிறது. அதற்கு வலி இருக்கிறதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேளச்சேரி)

அந்தக் குறுகுறு ஒலியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மகிழ்ச்சியில் எழுப்புகிற அதே ஒலியைப் பூனை வலியிலும் அச்சத்திலும் எழுப்பும். பிற விலங்குகளுக்கு இரையாகவும் வாழ்ந்த சிற்றுயிர் என்பதால், நோயை மறைப்பது அதன் இயல்பு. முகத்தைப் பாருங்கள். காதுகள் பக்கவாட்டில் விரிந்து திரும்பியிருப்பது, கண்கள் இடுங்கியிருப்பது, மூக்கும் வாயும் இறுகியிருப்பது, மீசை விறைத்து முன்னோக்கி நீட்டியிருப்பது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது ஆகிய ஐந்தையும் வைத்து, கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஒரு முக அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்துக்கு நான்கு வந்தாலே வலிநிவாரணி பற்றி யோசிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. பூனை விழித்து, அமைதியாக இருக்கும்போது கைபேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டினால் அவருக்கும் உதவியாக இருக்கும். மருத்துவமனை மேசையில் அச்சத்தால் உறைந்து கிடக்கும் பூனை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது.

12 வயதைத் தாண்டிய பெரும்பாலான பூனைகளின் எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரியும். கட்டிலுக்குத் தாவாமல் நாற்காலி வழியாக ஏறுவது, மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட இயலாமல் பக்கத்திலேயே சிறுநீர் கழிப்பது, முதுகுப் பக்கத்து முடி திரண்டு சடையாவது ஆகியவை அதன் அறிகுறிகள். "வேண்டுமென்றே வெளியே போகிறது" என்று பூனையைத் திட்டும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விளிம்பு தாழ்ந்த தட்டு ஒன்று வாங்கி வைத்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு மூட்டுவலி மருந்து இருக்கிறது.

வலிக்குப் பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா? குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப்பாவது? (அம்பத்தூர்)

இரண்டும் கூடாது. பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, ஈறு பழுப்பேறி, முகம் வீங்கிப் பூனை இறந்துவிடும். அதற்கு ஒரு மாத்திரைகூட வேண்டியதில்லை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகிய வலிமாத்திரைகளும் பூனைக்கு நஞ்சுதான். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

எங்கள் பூனைக்கு வாயில் புற்றுநோய். மருத்துவர் கருணை ஊசி பற்றிப் பேசினார். என் தாயார், "உயிரை எடுக்க நாம் யார், அது பாவம், இயற்கையாகப் போகட்டும்" என்கிறார். எனக்கோ பார்க்கச் சகிக்கவில்லை. என்ன செய்வது? (மயிலாப்பூர்)

ஜீவகாருண்யத்தைப் பெரிதாக மதிக்கும் குடும்பங்களிலிருந்துதான் இந்தக் கேள்வி மிகுதியாக வருகிறது. பாவ புண்ணியத்துக்குத் தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால், "இயற்கையாக" என்று அம்மா சொல்வது எதை மனத்தில் வைத்து என்பதைக் கேட்டறிய வேண்டும். தூக்கத்திலேயே உயிர் பிரிவதை அவர் நினைக்கிறார் என்றால், வாய்ப் புற்றில் அது அரிது. தாடையெலும்பு அரிக்கப்படும், விழுங்க முடியாது, எச்சில் ரத்தத்தோடு ஒழுகும். பசி இருந்தும் உணவை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். இறுதியில் அது சாவது பெரும்பாலும் பட்டினியாலும் தாகத்தாலும்தான். காட்டில் இருந்தால் அந்த நிலை வருவதற்கு வெகுமுன்பே வேறொரு விலங்கு அதை முடித்திருக்கும். நாம் ஊட்டியும் மருந்து கொடுத்தும் இத்தனை தூரம் கொண்டுவந்திருக்கிறோம். இறுதிக்கட்டத்தை மட்டும் இயற்கையின் பொறுப்பில் விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதே வேளையில், ஊசி போட மனம் ஒப்பாத குடும்பத்தை நான் குறை சொல்வதில்லை. வலிநிவாரணி, குமட்டல் மருந்து, தேவையானால் குழாய் வழி உணவு என்று இறுதிவரை மருத்துவ மேற்பார்வையில் வைத்துப் பார்த்துக்கொள்வதும் ஏற்கத்தக்க ஒரு வழியே. செலவும் உழைப்பும் அதில் கூடுதல். ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், ஒரு மூலையில் துணி விரித்துவிட்டால் போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்திருக்கின்றனவா என்பது ஆகிய ஏழுக்கும் தலா பத்து மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் வாழ்க்கைத்தரம் ஏற்கத்தக்கது என்று கொள்வார்கள். நீங்களும் உங்கள் தாயாரும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே மதிப்பெண் இட்டு, ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாவமா என்ற கேள்வியில் உடன்படாதவர்கள், நேற்று அது சாப்பிட்டதா என்ற கேள்வியில் பெரும்பாலும் உடன்பட்டுவிடுவார்கள்.

ஊசி என்று முடிவானால், நடைமுறையை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. முதலில் மயக்க ஊசி போட வேண்டும். சில நிமிடங்களில் பூனை ஆழ்ந்து உறங்கியபின், ரத்தக்குழாய் வழியாக மயக்க மருந்தை மிகை அளவில் செலுத்துவார்கள். ஓரிரு நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடிக்கொள்ளா, இறந்தபின் ஒன்றிரண்டு பெருமூச்சு வருவதும், தசை துடிப்பதும், சிறுநீர் பிரிவதும் உண்டு. அவை வலியின் அடையாளங்கள் அல்ல. முழுமையாக மயக்காமல் நேரடியாக இதயத்தில் ஊசி போடச் சம்மதிக்காதீர்கள். இதை முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமையுண்டு. வீட்டுக்கே வந்து இதைச் செய்யும் மருத்துவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். நெரிசலில் ஆட்டோவில் கூண்டோடு ஒரு மணி நேரம் போவதைத் தவிர்க்க முடியுமானால், தவிர்ப்பது பூனைக்கு நல்லது.

நள்ளிரவில் எங்கள் பூனை திடீரென்று அலறியது. பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்து சில்லிட்டுப் போயின. இரவு மருத்துவமனையில் அப்போதே கருணை ஊசிக்குச் சம்மதித்துவிட்டோம். அவசரப்பட்டுவிட்டோமா? (திருவான்மியூர்)

நீங்கள் விவரிப்பது, இதயத்தில் உருவான ரத்தக்கட்டி பெருந்தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் நிலையாகவே தோன்றுகிறது. பூனைகளுக்கு நேரும் மிகக் கடுமையான வலிகளில் இதுவும் ஒன்று. இதயத்தசை தடிக்கும் நோயே பெரும்பாலும் இதன் மூலகாரணம். முதல் அறிகுறியாக இந்த அடைப்பே வரும் பூனைகள் பல என்பதால், முன்பே கவனிக்கவில்லையே என்று வருந்தவும் இடமில்லை. இரண்டு கால்களும் குளிர்ந்துவிட்ட நிலையில், சிகிச்சை அளித்தாலும் பிழைப்பவை குறைவு. பிழைத்தவற்றுக்கும் மீண்டும் அடைப்பு வரும் வாய்ப்பு அதிகம். அந்த இரவில் நீங்கள் எடுத்த முடிவு சரியானதே.

நானும் கணவரும் மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போகிறோம். பூனைக்கு 17 வயது. தைராய்டு மாத்திரை தினமும் இரு வேளை. காப்பகத்தில் விடலாமா? அல்லது ஊசி போட்டுவிடுவது அதற்கு நல்லதா? (அடையாறு)

மருந்தில் நன்றாக இருக்கிற பூனைக்கு, பயணத்தை முன்னிட்டு ஊசி போட நான் உடன்பட மாட்டேன். பொதுக் காப்பகமும் பொருத்தமில்லை. நகரில் உள்ள காப்பகங்கள் அடிபட்ட, கைவிடப்பட்ட விலங்குகளால் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. பல பூனைகளோடு இருக்கும் இடத்தில் சளித்தொற்று இந்த வயதில் எளிதில் பற்றும். பக்கத்து வீட்டில் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் விட்டுச்செல்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் சிலர் அப்படிச் செய்வதால் சொல்கிறேன். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

இந்த வயதில் பூனைக்கு மனிதர்கள் மாறுவதைவிட இடம் மாறுவது கடினம். உறவுக்காரப் பிள்ளை யாரேனும் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவதுதான் சிறந்த ஏற்பாடு. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் கையால் மாத்திரை கொடுத்துப் பழக்குங்கள். போகுமுன் தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். நிலைமை மோசமானால் எந்த எல்லையில் ஊசிக்குச் சம்மதம் என்பதை எழுதிக் கையொப்பமிட்டு, மருத்துவரிடம் ஒரு படியும் பொறுப்பாளரிடம் ஒரு படியும் கொடுத்துச் செல்லுங்கள். நேர வித்தியாசத்தில் உங்களை எழுப்பிக் கேட்கும் வரை பூனை வலியில் காத்திருக்கும்படி ஆகக் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். பூனை இறந்தபின் உடலை என்ன செய்வது? வீட்டில் ஏழு வயதுக் குழந்தையும் இன்னொரு பூனையும் உண்டு. (அண்ணா நகர்)

குழந்தையிடம் "தூங்குகிறது" என்றோ "ஊருக்குப் போயிருக்கிறது" என்றோ சொல்லாதீர்கள். அதன்பின் தூங்கவே அஞ்சும் குழந்தைகள் உண்டு. இறந்துவிட்டது, இனி வராது என்று எளிய சொற்களில் சொன்னால் ஏழு வயதில் புரியும். இன்னொரு பூனை உடலை முகர்ந்து பார்க்க விரும்பினால் அனுமதியுங்கள். சில நாள் அது தேடிக் கத்தலாம். உணவை நிறுத்தினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விலங்குகளுக்கான தகனம் பற்றிச் சிகிச்சை அளித்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் விசாரிக்கலாம். சொந்த நிலத்தில் புதைப்பதானால், பிளாஸ்டிக் பையில் இடாமல் பருத்தித் துணியில் சுற்றி, கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் குழாயிலிருந்தும் தள்ளி, குறைந்தது 3 அடி ஆழத்தில் வையுங்கள். கருணை ஊசி போடப்பட்ட உடலில் மருந்து நெடுநாள் தங்கியிருக்கும்; தெருநாயோ காகமோ அதைக் கிளறித் தின்றால் அவையும் சாகும் என்பதால், மண்ணை மூடியபின் மேலே கனமான கல் ஒன்றையும் வைத்துவிடுங்கள்.