நண்பர் பெயரில் நிலம் வாங்காதீர்கள்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள ஜாம்பியில், டிரான்ஸ்மிக்ராசி என்ற அரசுக் குடியேற்றத் திட்டக் கிராமத்தில் இரண்டு ஹெக்டேர் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்தை உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம் சார். 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்' என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்காகப் பினாமி பெயரில் வாங்கினால் அந்தக் கைமாற்றமே செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. நண்பர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே கேள்வியே இல்லை.

அந்நிய முதலீட்டு நிறுவனம் தொடங்கி 'ஹாக் குணா உசாஹா', அதாவது அரசு நிலத்தில் குறிப்பிட்ட காலம் பயிர் செய்யும் உரிமை, பெறலாம்தான். ஆனால் அதற்குக் குறைந்தது ஐந்து ஹெக்டேர் வேண்டும்.

இன்னொன்று, வாங்குவதை விடுங்கள், முதலில் ஒரு மழைக்காலம் அங்கே வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். வெட்டிய குலை ஓரிரு நாளில் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். செம்மண் பாதையில் லாரி அச்சு வரை புதைந்து, குலைகள் ஓரத்தில் குவிந்து, உதிர்ந்த பழங்களைப் பெண்கள் சாக்கில் பொறுக்குவதைப் பார்த்தால் ஏக்கருக்கு இவ்வளவு லாபம் என்று தரகர் போட்டுக் காட்டிய கணக்கு வேறு மாதிரி தெரியும். மறுநடவு செய்த தோட்டமா என்றும் கேளுங்கள். 25 வயது தாண்டிய மரம் என்றால் வெட்டி நட்டு, மூன்று வருடம் வருமானமில்லாமல் காத்திருக்க வேண்டும்.