பனிவண்டிக்குக் கீறுகம்பி எதற்கு?

கேள்வி: கனடாவில் பணிபுரியும் என் மகன், தன் ஸ்னோமொபைலுக்கு ‘ஐஸ் ஸ்கிராட்சர்’ வாங்கப்போவதாகச் சொல்கிறான். அது தேவையான செலவுதானா? எந்த வகை நல்லது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இறுகிய பனிப்பாதைகளில் ஓட்டுபவர் என்றால் தேவையே. திரவத்தால் குளிரும் எஞ்சின் கொண்ட ஸ்னோமொபைலில், பின்சக்கரங்களுக்குப் பதிலாகச் சுழன்று ஓடும் ரப்பர் பட்டை வாரியிறைக்கும் பனித்துகள்தான் வெப்பமாற்றியைக் குளிர்விக்கிறது. பட்டை உரசி ஓடும் பிளாஸ்டிக் சறுக்குச் சட்டங்களுக்கும் அதுவே மசகு. நம் உதகைப் புல்வெளியில் விடியற்காலையில் பூக்கும் உறைபனியை மட்டுமே அறிந்த நமக்கு, பாறைபோல் கெட்டித்த பனிக்கட்டியைக் கற்பனை செய்வது சற்றுக் கடினம். அதன்மீது ஓடும்போது துகள் எழாததால் எஞ்சின் சூடேறும், சட்டங்கள் உருகித் தேயும். சட்டத்தில் பொருத்தப்படும் ‘ஐஸ் ஸ்கிராட்சர்’ எனும் கீறுகம்பிகள், பனிக்கட்டியைக் கீறித் துகளாக்கித் தருகின்றன.

விறைப்பான எஃகுக் கம்பி பின்னோக்கி ஓட்டும்போது வளையவோ ஒடியவோ கூடும் என்பதால், அடிக்கடி ரிவர்ஸ் எடுப்பவருக்கு வளைந்துகொடுக்கும் கேபிள் வகையையே பரிந்துரைப்பேன். பொருத்தியபின், சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் கம்பி பட்டையில் உரசாததை உறுதிசெய்யச் சொல்லுங்கள். ஆழமான மென்பனியில் ஓட்டும்போதும், தார்ச்சாலையைக் கடக்கும்போதும் கம்பிகளைத் தூக்கி மாட்டிவிட வேண்டும். கெட்டிப்பனி வந்ததும் அவற்றை மறக்காமல் இறக்கிவிட வேண்டும்.