தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்எச் இறங்கவில்லையா?

பெங்களூரு அல்சூரிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் கேட்கிறார்: "தைராய்டு குறைவு என்று நாலு மாதமாக 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். டிஎஸ்எச் 11-லிருந்து 9-க்குத்தான் வந்திருக்கிறது. அசதி, முடி கொட்டுவது, மலச்சிக்கல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. காலையில் எழுந்ததும் மாத்திரை, கையோடு ஃபில்டர் காபி, ஏழு மணிக்கு ஆபீஸ் கேப். ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையை டிபனோடு போட்டுக்கொள்கிறேன். டோஸை ஏற்றச் சொல்லலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். 50 உங்களுக்குப் போதாமலும் இருக்கலாம். ஆனால் போடும் மாத்திரை முழுசாக உடலில் சேர்கிறதா என்பது தெரியாமல் டோஸைக் கணக்குப் போட முடியாது.

முதலில் அந்த எண். டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய உத்தரவு பலமாகும். அதனால்தான் சுரப்பு குறைந்தவருக்கு டிஎஸ்எச் ஏறுகிறது. தைராய்டு ஹார்மோன்தான் உடம்பின் எல்லா உறுப்புகளின் வேகத்தையும் தீர்மானிப்பது. குறைந்தால் குடல் மந்தமாகும், நாடி மெதுவாகும், தோல் வறளும், குரல் கரகரக்கும். கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினால் பாதம் சட்டென்று அசைந்துவிட்டு, மெல்லத்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். குளிர் தாங்காமல் போவதும் ஓர் அறிகுறி. மார்கழியில் பெங்களூரில் எல்லாரும்தான் ஸ்வெட்டர் போடுகிறார்கள், அதை விடுங்கள். ஏப்ரலில் மற்றவர்கள் ஃபேன் போடச் சொல்லும்போது உங்களுக்கு மட்டும் சால்வை தேவைப்பட்டால் கவனிக்க வேண்டும்.

மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று நீங்கள் எழுதவில்லை. தைராய்டு குறைவால் அதுவும் நேரும், அதிலிருந்து ரத்தசோகை வரும். அதற்காகப் போடும் இரும்பு, குடலில் தைராய்டு மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே போகவிடாது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காபியும் மாத்திரை சேர்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டு, காபிக்கும் டிபனுக்கும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஏழு மணி கேபுக்கு ஓடுகிறவருக்கு இது கஷ்டம்தான். டாக்டரிடம் கேட்டுவிட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம்: எட்டு மணிக்குச் சாப்பாடு, பதினொரு மணிக்கு மாத்திரை, நடுவில் பாலோ பழமோ வேண்டாம். இரும்பு மாத்திரை மதியத்துக்குப் போகட்டும். அதோடும் காபி, டீ கூடாது.

அப்புறம், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில பரிசோதனை முறைகளில் அது தைராய்டு அளவுகளைத் தப்பாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

நேரத்தை மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் எண் நிலைப்பட்டிருக்காது. அப்போதும் இறங்காவிட்டால் டோஸை ஏற்றுவது நியாயம். நீங்களாக ஏற்றாதீர்கள்; அதிகமானால் படபடப்பும் கை நடுக்கமும் வரும், நாளடைவில் எலும்பும் தேயும். நடுவில் நாள் தள்ளிப்போய், கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டும் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தாமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்தில் தேவை சீக்கிரமே கூடும்.