ரத்தக்குழாயைச் சுருக்கும் மாத்திரை வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. தனியாக எடுத்த பரிசோதனையில், "சிஎக்ஸ்சிஆர்4 அதிகம், கட்டிக்கு ரத்தக்குழாய் வேகமாக வளரும்" என்று வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொடுத்தவரே குழாயைச் சுருக்க மாத்திரையும் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

அறிக்கையில் இருப்பது பொய் இல்லை, அதுதான் சிக்கலே. ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, கட்டிக்குச் சொந்த ரத்தக்குழாய் வேண்டும். கெமோகைன் என்பது செல்கள் விடும் அழைப்பு. ரிசெப்டர் அதைக் கேட்கும் காது. கட்டி ஐஎல்-8 என்ற கெமோகைனைச் சுரக்கும். பக்கத்துக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் உள்ள சிஎக்ஸ்சிஆர்2 என்ற ரிசெப்டர் அதைக் கேட்டதும், அந்தச் செல்கள் பெருகிக் கட்டியை நோக்கிக் கிளைவிடும். அறிக்கையில் வந்த சிஎக்ஸ்சிஆர்4-உம் ஒரு ரிசெப்டர்தான், அதன் வேலை சுற்றுவழி: குழாய் வளர்க்கும் விஇஜிஎஃப் புரதத்தைக் கூட்டிவிடும்.

சரி, இதை வைத்துக் குடல் புற்றுக்கு மருந்து தேர்ந்தெடுக்கிறோமா? இல்லை. சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும் பிளெரிக்ஸாஃபோர் 2008இல் அனுமதி பெற்றது, லிம்போமா, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்கள் உள்ளவர்களிடம் ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் சேகரிக்க. அதுவும் ஊசி. ஊசியைப் பற்றிய தாளைக் காட்டி மாத்திரையை விற்பார்கள், உஷார்.

குழாய் வளர்ச்சியைத் தடுக்க 2004 முதலே பெவாசிசுமாப் இருக்கிறது. விஇஜிஎஃபைப் பிடித்துவைக்கும் மருந்து; அதற்குக் கெமோகைன் பரிசோதனை தேவையில்லை. கல்லீரலில் அறுவை செய்யும் வாய்ப்பு இருந்தால் மட்டும் கவனம். புதுக் குழாய் வளராமல் புண் ஆறாது. அதனால் அறுவைக்கு முன் 28 நாளாவது இந்த மருந்தை நிறுத்த வேண்டும். பின்பும் 28 நாளாவது, காயம் முழுதாக ஆறும்வரை, தரக்கூடாது. பல் பிடுங்குவதானாலும் முதலில் சொல்லுங்கள். கடைசி ஊசியின் தேதியை அறுவை மருத்துவரிடமும் கீமோ மருத்துவரிடமும் நீங்களே சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்திருப்பார் என்று நான் நம்புவதை விட்டுப் பல காலமாகிறது.

சிகிச்சையை மாற்றக்கூடியவை ராஸ், பிராஃப், எம்எஸ்ஐ என்ற, கட்டியின் மரபணு மாற்றங்களைப் பார்க்கும் பரிசோதனைகள். அவை வந்துவிட்டனவா? தரகர் அறிக்கை வீடு தேடி வருகிறது, இதற்கு மட்டும் குடும்பம் கவுண்டர் கவுண்டராக அலைய வேண்டும்!

அப்புறம், பயாப்சி சதையைப் பதித்துவைத்த மெழுகு பிளாக். ஒவ்வொரு பரிசோதனைக்கும் சீவச் சீவ அதில் சதை தீர்ந்துபோகும், மறுபடி குத்தி எடுக்க நேரும். அது அந்தத் தரகரிடம் இருந்தால், இன்றே திரும்ப வாங்குங்கள்.