ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் பழைய சிடி 125: புதுக் காபரேற்றர் வாங்கத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வி இது: அப்பாவின் பழைய ஹோண்டா சிடி 125 காலையில் இரண்டு உதையில் ஸ்ராட் ஆகிறது. மல்லாவியிலிருந்து மாங்குளம் போக வெளிக்கிட்டால் நாலைந்து கிலோமீற்றரில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் திரும்பவும் ஓடுகிறது. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேற்றரை இரண்டு தடவை கழுவியும் சரிவரவில்லை, புதுசு வாங்கிப் போடலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். பத்து நிமிடத்தில் திரும்ப ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. காபரேற்றருக்குள் பெற்றோல் போகும் சின்ன ஓட்டையான ஜெற் அடைத்திருந்தால் சும்மா நிறுத்தி வைத்ததும் அது திறந்துகொள்ளாது. காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் முடிகிறது, மேலேயிருந்து போதிய அளவு இறங்கவில்லை, நிற்கும் நேரத்தில் மெல்ல மெல்ல நிறைகிறது. எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

எனக்கும் இது நடந்தது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில், ஒலுமடு தாண்டி, இரண்டு பக்கமும் காடு. பைக் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், பூட்டினேன், உதைத்தேன். கால்தான் நொந்தது. உழவு இயந்திரத்தில் வந்த வயதான மெக்கானிக் ஒருவர் இறங்கி வந்து, "தம்பி, காபரேற்றரில கை வைக்காதை. முதல்ல ராங்க் மூடியைத் திற" என்றார். திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. மூடியின் காற்றுத் துளையில் செம்மண் புழுதி மழைத் தண்ணீரோடு சேர்ந்து களியாய் இறுகிப் போயிருந்தது. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் ராங்க் பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈர்க்குக் குச்சியால் துளையைக் குத்தி எடுத்துவிட்டு ஒட்டுசுட்டான் மட்டும் நிற்காமல் போனேன்.

ஆகவே அடுத்த முறை நின்றதும் முதல் வேலையாக மூடியைத் திறந்து பாருங்கள். அந்தச் சத்தம் கேட்டு, உடனே ஸ்ராட்டும் ஆனால் விஷயம் முடிந்தது.

கேட்காவிட்டால் வீட்டில் ஒரு சோதனை. எஞ்சின் ஆறியபின், வெளியில் வைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல், காபரேற்றருக்கு வரும் றபர் குழாயைக் கழற்றி ஒரு வெள்ளைப் போத்தலுக்குள் விட்டு, ராங்கின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் ராப்பைத் திறவுங்கள். கணக்கு இதுதான்: லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் பைக் 60 வேகத்தில் மணிக்கு ஒன்றரை லீற்றர் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 25 மில்லிலீற்றர். முழுதாக முறுக்கினால் அதைவிட நிறையக் கேட்கும். அதனால் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றராவது தடங்கலில்லாமல் வர வேண்டும். மூடி பூட்டியபடி ஒரு தடவை, திறந்தபடி ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் நூல் மாதிரி வந்தால் ராப்புக்கு மேலே இருக்கும் வலையில் துரு அடைத்திருக்கிறது.

அந்தப் போத்தலை அப்படியே அரை மணித்தியாலம் வையுங்கள். அடியில் தேயிலைத் தூள் மாதிரிச் செம்பழுப்பாய்ப் படிந்தால் அது ராங்கின் துரு. கீழே மினுங்கும் குமிழாய்த் தனியே கிடந்தால் அது தண்ணீர். மாரியில் கொட்டிலுக்கு வெளியே நிற்கும் பைக்குகளில் இதைப் பார்க்கலாம். துரு இருந்தால் காபரேற்றரை எத்தனை தடவை கழுவினாலும் ஒரு கிழமைதான் தாங்கும். ராங்கைக் கழற்றி, வினாகிரி விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். உள்ளே பழைய சைக்கிள் செயின் ஒரு துண்டைப் போட்டுக் குலுக்குங்கள். சிலர் சல்லி போடுவார்கள், அதில் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும். செயின் முழுசாக வெளியே வரும். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே பெற்றோல் நிரப்பிவிடுங்கள். வெறுமையாய் வைத்தால் மறுபடி துரு பிடிக்கும்.

உங்கள் பைக் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தைக் கண்டதா? 1990க்குப் பிறகு வடக்கில் பெற்றோல் வராமல் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் எங்கள் வீட்டுப் பைக்கும் அப்படித்தான் ஓடியது. அப்பா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார். காபரேற்றர் வாயில் நாலு சொட்டு விட்டு உதைத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அப்படி ஓடிய காபரேற்றர்களில் ஊசியும் கம்பியும் விட்டுக் குத்திக் குத்தி ஜெற்றின் ஓட்டை பெருத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிளக் கரிபிடித்துக் கறுப்பாய் வந்தால் ஜெற்றைத்தான் மாற்ற வேண்டும், முழுக் காபரேற்றரை அல்ல. நீங்களும் தயவுசெய்து ஊசி விடாதீர்கள். காற்றடித்தால் போதும்.

இன்னொன்று. நின்ற உடனே கிண்ணத்தின் வடி ஆணியைத் தளர்த்திப் பாருங்கள், சூடான எஞ்சினில் படாமல். கிண்ணம் நிறையப் பெற்றோல் இருந்தும் ஓடவில்லை என்றால் நான் சொன்னது பிழை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலோ கண்டன்சரோ சூடேறியதும் வேலை செய்யாமல் விடுகிறது, பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பைக்கில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே காபரேற்றர்தான். அதனால் ஒரு பக்கச் சைலன்சர் மட்டும் சூடில்லாமல் இருந்தாலும் முதலில் பிளக் பக்கம் போங்கள்.

நிமிடத்துக்கு எவ்வளவு வந்தது, போத்தல் அடியில் என்ன படிந்தது என்று கீழே எழுதுங்கள். அதை வைத்து, கிண்ணத்துக்குள் பெற்றோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் உயரத்தைப் பார்க்க வேண்டுமா இல்லையா என்று சொல்கிறேன்.